கடந்துபோகும் மணல்: தக்லமக்கான் தொல்லியல் தளங்களில் நகரும் மணற்குன்றுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

ராவக், ஏப்ரல் 1901

தக்லமக்கான் பாலைவனத்தின் தென்விளிம்பிலுள்ள கோத்தான் நகருக்கு வடகிழக்கே, யுருங்காஷ் ஆற்றைத் தாண்டிய மணற்பரப்பில் ராவக் என்னும் பௌத்தத் தூபி நிற்கிறது. 1901 ஏப்ரலில் அங்கே வந்துசேர்ந்த தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன், தூபியைச் சூழ்ந்த நாற்கர முற்றத்தின் மதிலை ஒட்டி மணலை எடுக்கத் தொடங்கினார். முற்றம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 43 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் ஒரு பக்கத்தை 7 மீட்டர் அளவுக்கு உயர்ந்த மணற்குன்று விழுங்கியிருந்ததால், மணல் குறைவாக இருந்த தெற்கு மூலையையும் அதையொட்டிய சுவர்களையும் மட்டுமே அவரால் திறக்க முடிந்தது. அந்தச் சிறு பகுதியிலேயே, ஆள் உயரத்தையும் மிஞ்சிய சுதைச் சிற்பங்கள் சுவரோடு சுவராக வரிசை கட்டி நின்றன. கணக்கெடுத்தபோது பெரிய சிற்பங்கள் மட்டும் 91 இருந்தன.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சிற்பங்களுக்குள் எலும்புக்கூடு போல வைத்திருந்த மரச்சட்டம், நிலத்தடி ஈரம் மேலேறிய காரணத்தால் எப்போதோ உளுத்துப்போயிருந்தது. மரம் போன பிறகு அந்தச் சுதையை நிமிர்த்திப் பிடித்திருந்தது சுற்றியிருந்த மணல்தான். மணலை அள்ளிய இடங்களில் சிற்பங்கள் முன்னோக்கிச் சாயத் தொடங்கின. இடுப்புக்குக் கீழே மணலை விட்டுவைத்தால்தான் நின்றன. பெயர்த்தெடுத்துக்கொண்டு போவதற்கு வழியே இல்லை. படம் எடுத்து, அளந்து, குறித்துக்கொண்ட பின், திறந்த பள்ளங்களை அவரே மணலால் நிரப்பினார். அப்படி மூடியும் முழுப் பயன் கிட்டவில்லை: 1906இல் திரும்பி வந்தபோது, புதையல் தேடியவர்கள் மணலைக் கிளறிச் சிற்பங்களில் ஒரு பகுதியை உடைத்துப்போட்டிருந்ததைக் கண்டார்.

நகரும் மணற்குன்றுகள் தொல்லியல் தளங்களை எப்படிப் பாதிக்கின்றன என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, மணல் வந்து மூடுகிறது, மூடியதால் தளம் அழிகிறது என்பது. ராவக் அதைத் தலைகீழாகக் காட்டுகிறது. அங்கே மூடியிருந்த வரை காப்பு இருந்தது. திறந்தபோதே கேடு வந்தது. ஓர் அகழாய்வாளர் சில நாள்களில் செய்ததை, காற்று அதே பாலைவனத்தின் பிற தளங்களில் சில பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு செய்கிறது. மணற்குன்றின் வருகையைவிட அது கடந்துபோவதே தளத்துக்குப் பெரிய ஆபத்து என்பதை, தக்லமக்கானின் ஐந்து தளங்களைக் கொண்டு இந்த ஆய்வு விளக்க முயல்கிறது.

நிலமும் காற்றும்

தக்லமக்கான், சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உள்ள தாரிம் படுகையின் நடுவே 3,30,000 சதுர கிலோமீட்டர் அளவில் பரந்து கிடக்கிறது. தெற்கே குன்லுன் மலை, வடக்கே தியான்ஷான். குன்லுனின் பனி உருகி இறங்கும் ஆறுகளான கோத்தான், கெரியா, நியா முதலியவை வடக்கு நோக்கி மணலுக்குள் ஓடுகின்றன; இவற்றில் பெரும்பாலானவை நடுவழியிலேயே வற்றிவிடுகின்றன. பழைய குடியிருப்புகள் இந்த ஆறுகளின் கடைமடையில் அமைந்தவை. ஆற்றின் நீளம் குறைந்தாலும், அது தடம் மாறினாலும் கடைமடை ஊருக்குத்தான் முதல் அடி விழும் என்பது பாசன வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரிந்ததே. இன்று இந்தத் தளங்களில் பல, மனிதர் வாழும் எல்லையிலிருந்து பாலைக்குள் வெகுதொலைவு தள்ளிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

பாலைவனத்தின் கிழக்குப் பகுதியில் வடகிழக்குக் காற்றும் மேற்குப் பகுதியில் வடமேற்குக் காற்றும் ஓங்கி வீசுகின்றன. இரண்டும் கெரியா ஆற்றை ஒட்டிய பகுதியில் எதிரெதிரே சந்திக்கின்றன. அதனால் ஒரு தளத்தில் மணல் போகும் திசையும் வேகமும் அடுத்த தளத்துக்குப் பொருந்துவதில்லை. ஒரே பாலை என்று பொதுமைப்படுத்துவது இங்கே தவறாகவே முடியும்.

மணல் நகரும் விதத்தை ஆங்கிலேயப் பாலைவன ஆய்வாளர் ரால்ஃப் பாக்னோல்டு லிபியப் பாலைவனத்தில் பார்த்தும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும் வகுத்துக்கொடுத்த அடிப்படை இன்றும் நிற்கிறது. நுண்தூசி காற்றில் மிதந்து போய்விடும். மணல் அப்படி மிதப்பதில்லை. தத்தித் தத்திச் செல்கிறது. ஒரு மணி எழும்பி, காற்றோடு சற்றுத் தூரம் பறந்து விழுந்து, விழுந்த வேகத்தில் வேறு மணிகளைத் தட்டியெழுப்புகிறது. பருமணிகள் எழும்பாமல் அடி வாங்கித் தரையோடு ஊர்கின்றன. நகரும் மணலில் முக்கால் பங்கு தத்தியும், கால் பங்கு ஊர்ந்தும் போகிறது என்பது பாக்னோல்டின் கணக்கு. தத்தும் மணிகளில் மிகப் பெரும்பாலானவை முழங்கால் உயரத்துக்கு மேல் எழுவதில்லை. ஆகவே சுவரோ தூணோ எதுவாக இருந்தாலும் காற்றின் அரம் அதன் அடிப்பகுதியைத்தான் முதலில் ராவுகிறது. பாலைவன மண்சுவர்கள் தலை கனத்து, கழுத்து ஒடுங்கி, காளான் போல நின்று ஒருநாள் சாய்வதன் காரணம் இதுதான்.

ஒரு குன்று ஒரு வீட்டைக் கடக்கும்போது

பிறைவடிவ மணற்குன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே திசைக் காற்று வீசும் இடத்தில், மணல் வரத்து மிகையாக இல்லாதபோது, குன்று இந்த வடிவத்தை அடைகிறது. காற்று வரும் பக்கம் மெல்லிய ஏற்றமாகவும், மறுபக்கம் சுமார் 34 பாகைச் சரிவாகவும் இருக்கும். மேலேறும் மணல் உச்சியைத் தாண்டி அந்தச் சரிவு முகத்தில் வழிந்து விழ விழ, குன்று முழுவதும் முன்னகர்கிறது. சிறிய குன்று வேகமாகவும் பெரிய குன்று மெதுவாகவும் செல்லும். காரணம் எளிது: உச்சியைத் தாண்டும் மணலின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான், அது நிரப்ப வேண்டிய முகத்தின் உயரம்தான் வேறு.

எடுத்துக்காட்டாக, ஒரு மீட்டர் அகலத்தின் வழியே ஆண்டுக்கு 60 கன மீட்டர் மணல் போவதாக வைத்துக்கொண்டால், 3 மீட்டர் உயரக் குன்று ஆண்டுக்கு 20 மீட்டரும், 12 மீட்டர் உயரக் குன்று 5 மீட்டரும் நகரும். குன்றின் நீளம் உயரத்தைப் போலப் பத்து மடங்கு என்று கொண்டால், முதலாவது குன்று ஒரு சுவரைக் கடந்துபோக ஒன்றரை ஆண்டும், இரண்டாவது 24 ஆண்டுகளும் ஆகும். இது கணக்குக்காக எடுத்த எண் என்றாலும் நடைமுறைக்கு வெகுதொலைவில் இல்லை. துனிசியாவின் ஷோத் அல் கர்சா உப்புநிலத்தில் ஒரு திரைப்படத்துக்காகக் கட்டி விட்டுப்போன செயற்கை ஊரைப் பிறைக்குன்று ஒன்று நெருங்கிவந்ததைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்த ஆய்வாளர்கள், அதன் வேகம் ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் என்று 2013இல் வெளியிட்டார்கள். கட்டிய ஆண்டு துல்லியமாகத் தெரிந்த சுவர்கள் குன்றுக்கு முன் நிற்பது அளவெடுப்பவர்க்கு வாய்த்த அரிய வசதி. உண்மையான தொல்லியல் தளங்களில் அந்த வசதி அமைவதில்லை.

குன்று வரும்போது வீட்டுக்கு நேர்வது என்ன? முதலில் நெருங்குவது சரிவு முகம். அதன் அடியில் காற்று தணிந்திருக்கும் என்பதால், மூடப்படுவதற்குச் சற்று முன்பான காலம் வியப்பளிக்கும் அளவுக்கு அமைதியானது. பின்னர் மணல் ஒரு பக்கச் சுவரில் சாய்கிறது. உலர்ந்த மணலின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 டன். 3 மீட்டர் உயரச் சுவரின் ஒரு பக்கம் மட்டும் உச்சி வரை மணல் நிறைந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பக்கவாட்டுத் தள்ளல் விழுகிறது. பச்சைச் செங்கல் சுவரோ, மரச்சட்டத்தில் நாணல் பின்னி மண் பூசிய சுவரோ இதைத் தாங்குவது அரிது. ஆனால் வாசல் வழியாகவும், கூரை விழுந்த இடைவெளி வழியாகவும் மணல் உள்ளே புகுந்து மறுபக்கத்தையும் நிரப்பிவிட்டால் தள்ளல் சமன்பட்டுச் சுவர் நிலைத்துவிடுகிறது. வாசல் திறந்து கிடந்த வீடு பிழைத்து, அடைத்துக் கிடந்த வீடு சாயக்கூடும் என்பது இதன் விசித்திரமான விளைவு.

மூடப்பட்ட பின் வருவது காப்புக் காலம். வெயில் இல்லை, காற்று இல்லை, வெப்பநிலை ஏற்ற இறக்கம் குறைவு, ஆள் நடமாட்டமும் இல்லை. நிலத்தடி ஈரம் எட்டாத இடமாக இருந்தால் மரம், தோல், பட்டு, கம்பளி எல்லாம் அப்படியே கிடக்கும்.

கேடு அடுத்த கட்டத்தில்தான். குன்றின் பின்பகுதியான, காற்று வரும் பக்கத்து மெல்லிய ஏற்றம் தளத்தின் மீது வரும்போது மணல்மட்டம் அங்குலம் அங்குலமாகத் தாழ்கிறது. மூடுவது சில மாதங்களில் முடிந்தாலும் திறப்பது பல ஆண்டுகள் நீடிக்கும். அந்த ஆண்டுகள் முழுவதும், மணலுக்கு மேலே தலைநீட்டும் எதுவாயினும், அதன்மேல் தத்தும் மணிகள் ஓயாமல் மோதுகின்றன. தச்சனின் இழைப்புளி பலகையைச் சீவுவதுபோல, தாழ்ந்துவரும் மணல்மட்டம் தளத்தை மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே இறங்குகிறது. கடைசியில் குன்று போய்விடும். இரண்டு குன்றுகளுக்கு இடைப்பட்ட வெற்றுத்தரையில் தளம் கிடக்கும். அங்கே தரையையே காற்று அரிக்கத் தொடங்குகிறது.

நியா: மேடையில் நிற்கும் வீடுகள்

இதைக் கண்ணால் காணச் சிறந்த இடம் நியா. மின்பெங் நகருக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நியா ஆறு பண்டைக் காலத்தில் எட்டிய கடைமடையில், தெற்கு வடக்காக 25 கிலோமீட்டர் நீளத்துக்கு வீடுகளும் தோப்புகளும் சிதறிக் கிடக்கின்றன. 1901 ஜனவரியில் ஸ்டைன் இங்கே வந்ததற்கு, இப்ராகிம் என்ற ஊர்க்காரர் முன்பே எடுத்துவந்திருந்த எழுத்துப் பலகைகள்தான் காரணம். புதையல் தேடிப்போனவருக்கு அவை பயனற்ற மரத்துண்டுகளாகத் தோன்றியதால், சிலவற்றைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். பலகைகளில் இருந்தது கரோஷ்டி எழுத்து. மொழி, இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து வந்த பிராகிருதம். கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஷான்ஷான் அரசின் ஆட்சிக்குட்பட்ட இந்த ஊரின் வழக்குகளும் ஆணைகளும் நில விற்பனைகளும் அவற்றில் பதிவாகியிருந்தன. இரண்டு பலகைகளை முகம் பொருத்தி, நூல் சுற்றி, களிமண் முத்திரை இட்ட மடல்கள் சில, நூலும் முத்திரையும் சிதையாமல் கிடைத்தன. ஒரே ஒரு குப்பைமேட்டிலிருந்து மட்டும் 200க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வந்தன. பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குப்பையின் நாற்றம் மூக்கைத் துளைத்ததாக ஸ்டைன் குறித்துவைத்திருக்கிறார். காற்றுப் புகாத மணலின் காப்பாற்றலுக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே ஊரில், மணல் விலகிய வீடுகளின் நிலை வேறு. கூரையும் சுவர்ப்பூச்சும் போய், பாலைப் பாப்ளார் மரத்தூண்கள் மட்டும் விலா எலும்புகள் போல நிற்கின்றன. அப்படி ஒரு தூணை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே மணல்மட்டத்தின் வரலாறு தெரிந்துவிடும். உச்சிப்பகுதி வெளுத்து, நார் நாராகப் பிளந்து, காற்று வந்த பக்கம் ஒல்லியாகத் தேய்ந்திருக்கும். அதற்குக் கீழே, அண்மைக் காலத்தில் திறந்த பகுதியில், பிளவுகள் மயிரிழையாகத் தொடங்கியிருக்கும். மணலைக் கையால் சற்றே விலக்கினால், இன்னும் மூடியிருக்கும் பகுதியில் மரத்தின் பழுப்பு நிறமும் வாய்ச்சி செதுக்கிய தடமும் நேற்று செதுக்கியதுபோல இருக்கும். ஒரே மரம், ஒரே வயது. வேறுபாடு அது வெளியே கிடந்த காலம் ஒன்றுதான்.

பல வீடுகள் இன்று சுற்றுப்புறத்தைவிடப் பல மீட்டர் உயர்ந்த மேடைகளில் நிற்கின்றன. அவற்றை யாரும் மேட்டில் கட்டவில்லை. இடிந்து விழுந்த மரமும் நாணலும் சாணமும் குப்பையும் அடியிலிருந்த மண்ணை மூடிக் காத்ததால் அந்த இடம் மட்டும் எஞ்ச, சுற்றியிருந்த தரை காற்றோடு போய்விட்டது. மேடையின் விளிம்பு ஆண்டுதோறும் உள்வாங்குகிறது; விளிம்பில் நிற்கும் தூண் அடிமண்ணை இழந்து சாய்கிறது; அதோடு அந்த அறையின் தளமும் சரிந்து கீழே கொட்டுகிறது.

சில இடங்களில் எதிர்மாறாக, தாமரிஸ்க் புதர் மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. மணல் ஏற ஏறப் புதரும் மேலே வளர்ந்து, 10 மீட்டருக்கும் மேற்பட்ட கூம்புகளாகிவிடுகிறது. உதிர்ந்த இலையும் மணலும் மாறி மாறிப் படிந்த அடுக்குகளைக் கொண்டு அந்தக் கூம்பின் வயதைக் கணிக்கவும் முடிகிறது. கூம்புக்கு அடியில் வீடு இருந்தால் அது பத்திரமாக இருக்கும். வேர் துளைத்த சேதம் மட்டும் மிஞ்சும்.

'தாட்டி': அடுக்கு இழந்த தரை

காற்றரிப்பு முற்றிய இடங்களில், தரை முழுவதும் ஓட்டுச் சில்லுகளும் மணிகளும் காசுகளும் கசடும் இறைந்து கிடக்கும். உள்ளூர் மக்கள் இதைத் 'தாட்டி' என்பார்கள். ஸ்டைனும் அந்தச் சொல்லையே எடுத்தாண்டார். தொல்லியலின் பார்வையில் இதுவே மிகக் கொடிய இழப்பு என்பது என் கருத்து. பொருள்கள் அழிவதில்லை, அவற்றுக்கு இடையிலிருந்த மண் அழிந்துவிடுகிறது. வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு மட்டங்களில் படிந்த பொருள்களெல்லாம், தாங்கியிருந்த மணலும் வண்டலும் பறந்தபின் ஒரே தரைக்கு இறங்கிவந்து பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அறியாதவர் கண்ணுக்கு அது ஒரே காலத்துக் குடியிருப்பு போலத் தோன்றும். ஒரு காசையும் அதன் அருகில் கிடக்கும் பானை ஓட்டையும் சேர்த்து வயது சொல்லும் எளிய முறை இங்கே ஏமாற்றிவிடும்.

பொருள்களின் அளவும் தேர்ந்தெடுக்கப்பட்டே எஞ்சுகிறது. தானியம், விதை, மீன்முள், நூல், கரித்துண்டு முதலிய இலகுவானவை போய்விட, கனமானவை தங்குகின்றன. கூர்ந்து நோக்கினால் ஓட்டின் ஒரு பக்கம் மழமழப்பாக மெருகேறியிருப்பதும், மணலில் பதிந்திருந்த மறுபக்கத்தில் வனைந்தவரின் விரல்தடம் தெளிவாக இருப்பதும் தெரியும். அந்த மெருகின் திசையைக் குறித்துக்கொண்டால், ஓடு நெடுங்காலம் புரளாமல் கிடந்ததா என்பதைக் கூடக் கணிக்க இயலும். இத்தகைய சிறு குறிப்புகளைப் பொறுக்கும்போதே பதிவு செய்யாவிட்டால் பின்னர் மீட்க வழியில்லை.

லூலான், தந்தான் ஒய்லிக், சியாவ்ஹே

லாப்நோர் ஏரிப்படுகையை ஒட்டிய லூலான், மணற்போர்வை கிட்டாமல் போன தளம். வடகிழக்குக் காற்று அங்கே பழைய ஏரிக் களிமண்ணையே நீள்வரிப் பள்ளங்களாகச் செதுக்கியிருக்கிறது. 'யார்டாங்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் நிலவியல் சொல்லை இந்தப் பகுதியிலிருந்து எடுத்துப் பரப்பியவர் சுவீடன் நாட்டு ஆய்வுப் பயணி ஸ்வென் ஹெடின். தளம் வெளியுலகுக்குத் தெரிந்த கதையே மணலும் காற்றும் சேர்ந்து எழுதியது. 1900 மார்ச்சில் ஹெடின் குழுவினர் தண்ணீருக்காகத் தோண்டிய இடத்தில் தங்கள் மண்வெட்டியை மறந்துவிட்டார்கள். பாலையில் மண்வெட்டி இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை என்பதால், ஓர்டெக் என்ற வழிகாட்டி அதை எடுத்துவரத் திரும்பிச் சென்றார். புழுதிப் புயலில் தடம் தவறியவர், செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பலகைகள் கிடந்த இடிபாட்டில் போய் முட்டினார். குடிநீர் குறைந்திருந்ததால் ஹெடின் அப்போது நிற்க முடியாமல், அடுத்த ஆண்டு வந்தே அகழ்ந்தார். குப்பைக்குள் கிடந்த தாள், மர ஆவணங்கள் தப்பியிருந்தன. வெளியே நின்ற கட்டடங்களில் பெரும்பகுதி காற்றால் அரிபட்டுப் போயிருந்தது.

தந்தான் ஒய்லிக் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1896இல் ஹெடின் பார்த்த இந்த 8ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பை, 1900 டிசம்பரில் துர்தி என்ற முதிய புதையல் தேடியின் துணையோடு ஸ்டைன் அகழ்ந்தார். தாழ்வான மணலில் கிடந்த கட்டடங்களை ஏற்கெனவே பலர் கிளறியிருந்தார்கள். ஆழமான மணலுக்கடியில் இருந்த சிறு கோயில்களில்தான் ஓவியப் பலகைகள் தங்கியிருந்தன. எனவே நமக்குக் கிடைத்திருக்கும் தந்தான் ஒய்லிக், அந்த ஆண்டு குன்றுகள் எங்கே நின்றனவோ அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட தந்தான் ஒய்லிக். ஊரில் எந்தப் பகுதி செழிப்பானது, எது எளியது என்று கண்டெடுப்புகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஸ்டைனுக்குப் பிந்தைய நெடுங்காலம் ஆளரவமின்றிக் கிடந்த தளத்தை 1998இல் கிறிஸ்டோஃப் பவ்மர் மீண்டும் சென்றடைந்தார். 2002இல் சீன-ஜப்பானியக் கூட்டுக்குழு அங்கே சுவரோவியங்களை அகழ்ந்தெடுத்தது.

சியாவ்ஹே இடுகாடு மணற்குன்று என்ற சொல்லையே குழப்பிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் 7 மீட்டர் அளவுள்ள ஒரு மணல்மேடு. அதன்மேல் மரக்கம்பங்களின் காடு. ஓர்டெக் காட்டிய வழியில் 1934இல் ஃபோல்க்கே பெர்க்மன் இதைப் பதிவு செய்தார். பின்னர் இருப்பிடம் கைவிட்டுப்போய், 2000ஆம் ஆண்டில் மீண்டும் கண்டறியப்பட்டு, 2002 முதல் 2005 வரை முழுமையாக அகழப்பட்டது. 167 கல்லறைகள் கிடைத்தன. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய மக்கள், இறந்தோரைப் படகு வடிவப் பெட்டியில் கிடத்தி, மாட்டுத்தோலால் போர்த்தி, மணலில் புதைத்தார்கள். மேலே நட்ட கம்பங்கள் பறக்கும் மணலைத் தடுத்து நிறுத்தின. மணல் ஏறியதும் அதன்மேல் அடுத்த தலைமுறையைப் புதைத்து மீண்டும் கம்பம் நட்டார்கள். அந்த மேட்டில் காற்று எவ்வளவு, மனிதர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஒரு பழங்கதையைப் பற்றி

மணல்மழை பெய்து ஓர் ஊரே மூழ்கிய கதையை 7ஆம் நூற்றாண்டில் இவ்வழியே சென்ற யுவான் சுவாங் கேட்டு எழுதியிருக்கிறார். இன்றைய செய்திகளிலும் 'மணல் விழுங்கிய நகரம்' என்ற தலைப்புக்குக் குறைவில்லை. அகழாய்வுகள் காட்டும் வரிசை வேறு. நியா வீடுகளில் மதிப்புள்ள பொருள்கள் ஏறக்குறைய எவையுமே எஞ்சவில்லை. குடியிருந்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு நிதானமாகவே வெளியேறியிருக்கிறார்கள். வாய்க்கால் வற்றியதோ, அரசியல் சிதைந்து பாசனத்தைப் பேண ஆளில்லாமல் போனதோ முதலில் நடந்தது. மக்கள் வாழும் ஊரில் மணலை அள்ளிப்போடக் கையும் தடுத்து நிறுத்த வேலியும் மரமும் இருக்கும். அவை இல்லாமல் போன பிறகே மணல் உள்ளே வந்தது. இந்த வரிசையை உறுதிசெய்ய இன்று ஒளித்தூண்டல் ஒளிர்வு முறை உதவுகிறது. குவார்ட்சு மணி கடைசியாக வெளிச்சம் கண்டது எப்போது என்பதை அது அளப்பதால், தரைக்கு மேல் படிந்த முதல் மணலின் வயதையும், அதனடியில் கிடக்கும் கரியின் வயதையும் ஒப்பிட்டு இடைவெளியைக் கணக்கிடலாம். அந்த அளவீட்டுக்கு மாதிரி எடுக்கும் குழாய்க்குள் துளி வெளிச்சம் புகுந்தாலும் உழைப்பு வீண்.

தடுப்பதா, விடுவதா

அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டன. அவற்றையும் இன்றைய படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அரை நூற்றாண்டில் ஒவ்வொரு குன்றும் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். அதிலிருந்து எந்த வீட்டை எந்தக் குன்றின் வால் எந்த ஆண்டுவாக்கில் விட்டு விலகும் என்று முன்கூட்டியே சொல்லலாம். உலர்ந்த மணலுக்குள் தரை ஊடுருவு ராடார் நன்றாகவே வேலை செய்வதால், மூடியிருக்கும் தளத்தைத் தோண்டாமலே வரைந்துகொள்ளவும் முடியும். பணமும் ஆளும் குறைவாக இருக்கும் இடத்தில், குன்று வரப்போகும் வீட்டுக்கு அல்ல, குன்று விலகப்போகும் வீட்டுக்கு முதலிடம் தர வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதையே அதிகம் காண்கிறோம். மூடப்போகிறது என்றால் பதற்றம் எழுகிறது, வெளிவருகிறது என்றால் கண்டுபிடிப்பாகக் கொண்டாடப்படுகிறது.

மணலைத் தடுக்கும் உத்திகள் சீனாவில் வெகுவாக வளர்ந்தவை. 1950களில் ஷாபோதோவ் பகுதியில் இருப்புப்பாதையைக் காக்க, வைக்கோலை ஒரு மீட்டர்க் கட்டங்களாக மணலில் பாதி புதைத்து நிறுத்தும் முறை உருவானது. கட்டங்கள் தரையோரக் காற்றின் வேகத்தைக் குறைப்பதால் மணல் அசையாமல் நிற்கிறது. 1995இல் முடிக்கப்பட்ட தாரிம் பாலைவன நெடுஞ்சாலையை இத்தகைய கட்டங்களும், சொட்டுநீரில் வளரும் புதர்வரிசையும் காக்கின்றன. சாலைக்கு இது சரியான மருந்து. தொல்லியல் தளத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் இரண்டு சிக்கல்கள் எழும். முதலாவது ஈரமும் உப்பும்: பாய்ச்சும் உவர்நீர் கசிந்து சுவரடிக்கு வந்து, உலரும்போது உப்பு படிகமாகி, மண்செங்கலை உள்ளிருந்து பொடிக்கிறது. ராவக்கின் சிற்பங்களுக்குள் மரம் உளுத்ததும் நிலத்தடி ஈரத்தால்தான். இரண்டாவது சிக்கல் பலர் கணக்கில் எடுக்காதது. காற்று வரும் பக்கம் மணலைப் பிடித்து நிறுத்தினால், தடுப்பைத் தாண்டிய காற்று மணல் சுமை குறைந்து, பசியோடு வருகிறது. தளத்தின்மேல் ஏற்கெனவே போர்த்தியிருந்த மணலை அது அள்ளிக்கொண்டு போகிறது; புதிய மணல் வந்து அந்த இடத்தை நிரப்புவதில்லை. குன்றிடமிருந்து காப்பாற்றுவதாக எண்ணி, போர்வையை உருவி எறிந்த கதையாகிவிடும்.

வேறு நாடுகளின் அனுபவமும் போர்வையின் பக்கமே பேசுகிறது. நூபியாவில், இன்றைய சூடானின் வட எல்லையில் இருந்த ஃபராஸ் பேராலயத்தை 1961 முதல் 1964 வரை அகழ்ந்த காசிமியர்ஸ் மிகாவோவ்ஸ்கியின் போலந்துக் குழு, மணல் நிரம்பியிருந்த சுவர்களில் 100க்கும் மேற்பட்ட கிறித்தவ ஓவியங்களை நிறம் மங்காமல் கண்டெடுத்தது. எகிப்தின் அபு சிம்பல் கோயிலை 1813இல் பர்க்ஹார்ட் பார்த்தபோது பெருஞ்சிலைகள் மணலில் புதைந்து கிடந்தன. 1817இல் பெல்சோனி வாசலைத் திறந்து உள்ளே நுழையும் வரை அந்த மணல்தான் காவல் நின்றது.

ஆகவே அகழ்ந்து முடித்த பகுதியையும், குன்று விட்டு விலகும் பகுதியையும் மீண்டும் மூடுவதே பெரும்பாலான இடங்களில் சரியான முடிவு. ஸ்டைன் ராவக்கில் அவசரத்தில் செய்ததை இன்று முறையாகச் செய்ய முடியும். முதலில் பழைய மட்டத்தை அடையாளம் காட்டக் காற்றோட்டமுள்ள துணி விரிப்பு. அதன்மேல் உப்பு நீங்கிய மணலைச் சுவரின் இரு பக்கமும் ஒரே அளவில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும், ஒரு பக்கத்தை முதலில் நிரப்பினால் சுவர் சாயும். கடைசியாக, காற்றால் தூக்க முடியாத சரளையை மேலே மெல்லியதாகப் பரப்ப வேண்டும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணிகளை வழக்கமான காற்று எழுப்புவதில்லை என்பதால் சில சென்டிமீட்டர் தடிப்பே போதும். அந்தச் சரளையைப் பக்கத்து வறண்ட ஆற்றுப்படுகையிலிருந்து அள்ளிவருவதற்கு முன் கட்டாயம் சலித்துப் பார்க்க வேண்டும். அதில் பழைய ஓட்டுச் சில்லுகள் கலந்திருந்தால், தளத்தின் தலைமேல் நாமே ஒரு பொய்யான தாட்டியைப் பரப்பியவர்கள் ஆவோம்.